ஒரு நாள் சுவர்

காலை நாலரை. கடல் இன்னும் இருட்டு.
நான் சுண்ணாம்பைக் கிளறுகிறேன்.
செயிண்ட் லூ சூளையில் வெந்த பவளப்பாறை;
இரண்டு வருடம் குழியில் நீர் குடித்துத்
தயிராய் நெகிழ்ந்தது.

சாரத்தின் மேல் பயே நிற்கிறார்.
கையில் ஒரு நாட்காட்டித் தாள்:
ரோமாபுரிக் கூரையில்
ஒரு கிழவரும் ஒரு வாலிபனும்
ஒருவருக்கொருவர் விரல் நீட்டும் படம்.
புயல் பிய்த்துப்போன நம் மாதா கோயிலுக்கு
இரண்டு கை மட்டும் போதும் என்றார் சாமியார்.
முழு உடம்புக்குக் காசில்லை.

"இன்றைக்கு எவ்வளவு பூசட்டும், முசே?"
"மணிக்கட்டு வரை."

அன்றைக்கு வரைய முடிகிற அளவுதான் பூச வேண்டும்.
மிஞ்சியதைக் கொத்தி எறிய வேண்டும்.
ஈரத்தில் விழுந்த நிறம் சுவருக்குள் இறங்கும்;
சுண்ணாம்பு காற்றைக் குடித்து
மறுபடி கல்லாகையில்
நிறத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளும்.
காய்ந்த பின் தீட்டியது
துடைத்தால் வரும்.

ஒரு மதியம் கரிச்சட்டியைத் திறந்தபடி பயே சொன்னார்:
அந்தப் பெரிய ஓவியன் படுத்துக்கொண்டு வரையவில்லை,
நின்றுதான் வரைந்தான், கழுத்து ஒடிய, வருடக் கணக்காய்.
இந்த வாலிபனுக்கு எடுத்தது நாலே நாள்.
ஆனால் அந்த விரல் இருக்கிறதே,
பின்னொரு காலம் விரிசல் விட்டு,
வேறொருவன் பூசி எழுதியது.
உலகம் அண்ணாந்து பார்க்கும் விரல்
பழுது பார்த்தவன் விரல்.

எனக்கு அதன்பின் சோறு இறங்கவில்லை.
துக்கத்தில் இல்லை.

விரல்களை முடித்த இரவு மழை.
ரெயூனியனில் மழை கேட்டுக்கொண்டு வராது.
புதுக் கூரையில் ஓர் ஆணி ஓட்டை;
சரியாக இரண்டு விரலுக்கும் நடுவில்
சாந்து உப்பி நின்றது.
"வெட்டி எடுத்துப் பூசி வை.
வியாழன் வந்து வானம் வைக்கிறேன்"
என்று மலைப் பேருந்தைப் பிடித்தார் பயே.

வெட்டினேன். பூசினேன்.
கரணையின் முதுகால் ஒருமுறை,
பிறகு, ஏனோ, உள்ளங்கையால்.

வியாழன் வந்தார். தூரிகையை நீலத்தில் தோய்த்தார்.
வெகுநேரம் நின்றார்.
கீழே கோழி ஒன்று வாசல்படி ஏறி இறங்கியது.
தூரிகையைக் கழுவிவிட்டார்.

இப்போது ஞாயிறுதோறும் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள்.
கடவுள் உயிர் கொடுக்கிறார் என்கிறது பிரசங்கம்.
பையன் சோம்பேறி, கையை இன்னும் கொஞ்சம் நீட்டலாம்
என்கிறாள் மரி-அலின் காருப்பேன்.
"தொட்டுட்டாங்களா, இல்லியா?"
அவள் மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

நான் விரல்களைப் பார்ப்பதில்லை.
நடுவில், மூன்று விரற்கடை அகலம்,
எதுவும் வரையப்படாத வெள்ளை.
சாயங்கால வெயில் சாய்ந்தால்
என் ரேகை தெரியும்.

சாமியாரின் கணக்கு நோட்டில்:
மழைச் சேதம், பூச்சு, அரை நாள் கூலி.