சற்றே திரும்பிய பல்

அவரை நான் பார்த்ததில்லை.
மேசைமேல் அவருடைய வாய் மட்டும் இருக்கிறது,
வெளிர்மஞ்சள் பிளாஸ்டரில்.
அடியில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்:
ஸ்னைப்யோர்ன், ஐஸ்லாந்து. மேல்வரிசை, முன்பல் மூன்று.

ஹங்கேரியில், ஜ்யோர் நகரத்தில்,
டயர் கடைக்கு மேல்மாடி எங்கள் பட்டறை.
கீழே சக்கரம் கழற்றுகிறார்கள்,
மேலே நான் பல் செய்கிறேன்.
இரண்டு இடத்திலும் திருகுதான்.
இரண்டு இடத்திலும் அளவுக்கு மேல் முறுக்கக் கூடாது.

மீன்பிடிக் கப்பலில் இரும்புக் கொக்கி வீசியதாம்.
படிவத்தில் ‘விபத்து’ என்ற கட்டத்தில் ஒரு டிக்.
அவ்வளவுதான் இடம் இருந்தது.

மார்ச்சில் வந்தார்.
டாக்டர் பிரோஷ்கா தாடையில் இரண்டு டைட்டேனியம் திருகை இறக்கி
தையல் போட்டு அனுப்பிவிட்டாள்.
அப்புறம் ஐந்து மாதம் யாருக்கும் வேலையில்லை,
எலும்பைத் தவிர.
அது அங்கே, வடக்குக் கடலில்,
அவர் வலை இழுக்கையில், உப்புக் கஞ்சி குடிக்கையில்,
யாரையோ திட்டிவிட்டுத் தூங்கப் போகையில்,
உள்ளே வந்த அந்நியனை முகர்ந்து பார்த்து
மரை மரையாக நுழைந்து
பிடித்துக்கொண்டது.
எக்ஸ்ரேயில் பார்த்தேன்.
இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழைக் கறுப்புகூட இல்லை.
என் இரண்டாம் கல்யாணம் இப்படி ஒட்டவில்லை.

நிறம் ஏ மூன்றரை.
புகையிலை, காப்பி, ஐம்பத்து நான்கு வருஷம்.
வெள்ளையாக வேண்டாம் என்று எழுதிக் கேட்டிருந்தார்.
கூடவே பழைய புகைப்படம் ஒன்று:
படகின் முனையில் நின்று சிரிக்கிறார்,
இடது முன்பல் சற்றே திரும்பி
பக்கத்துப் பல்லிடம் ஏதோ சொல்லப் போவதுபோல.

பிரோஷ்காவின் குறிப்பு: நேராக்கு.
நான் நேராக்கவில்லை.

மெழுகில் திருப்பி வைத்தேன்.
பீங்கான் குழைத்துத் தூரிகையால் ஏற்றினேன்,
விளிம்பில் லேசான நீலம், ஈறோரம் தேன்நிறம்.
நடுவில் ஒரு விரிசல் கோடு,
அதில் காப்பி இறங்கியதுபோலப் பழுப்பு.
எண்ணூற்றுச் சொச்சம் டிகிரி உலையிலிருந்து
பிறக்கும்போதே பழையதாக
வெளியே வந்தது.

ஆகஸ்டில் பிரோஷ்கா போன் செய்தாள்:
‘கிளம்பி வா. பல் விசிலடிக்கிறது.’

நாற்காலியில் பெரிய உடம்பு, சின்னக் காதுகள்.
பிளாஸ்டரில் அவருக்கு நாக்கே இல்லை என்பது
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
ஒரு பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார்.
நாக்கு நுனி பல்லைத் தேடிப் போய்
தொட்டும் தொடாமலும்
கொஞ்சம் காற்றை விட வேண்டிய பெயர்.
காற்று கீச்சிடுகிறது.
மறுபடி.
மறுபடி.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இவருக்குப் போனது ஒரு பெயர்தான்.
மற்றதையெல்லாம் ஒன்றரை வருஷம்
எப்படியோ சமாளித்திருக்கிறார்.

கழற்றி, பல்லின் முதுகைத் தேய்த்தேன்.
ஊதினேன். இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.
பிரோஷ்கா மாட்டி முறுக்கினாள்,
சாவி ‘டக்’ என்றது.

‘தோர்கெர்துர்’ என்றார்.

பிரோஷ்கா முகக்கண்ணாடியை நீட்டினாள்,
அவர் வாங்கவில்லை.
இன்னொரு முறை சொன்னார்,
யாரையோ சாப்பிடக் கூப்பிடுவதுபோல.

மனைவியா, மகளா, படகா,
நான் கேட்கவில்லை.
திருப்பி வைத்ததைப் பற்றி
பிரோஷ்காவும் என்னைக் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நானும் சொல்லிப் பார்த்தேன்.
முப்பத்திரண்டும் என் சொந்தப் பல்.
வரவில்லை.
‘டோர்’ என்று முட்டி நிற்கிறது என் நாக்கு.
விடாமல், கொஞ்சம் சத்தமாகவே போலிருக்கிறது,
டோர், தோர், ஸோர்.
முன் இருக்கைப் பையன் ஹெட்போனைக் கழற்றித் திரும்பினான்:
‘என்னையா கூப்பிட்டீர்கள்?’