மூன்றாம் வரிசையில் ஒரு கதிரை

"முடிவு தளர்ந்துவிட்டது" என்று
ஞாயிறு வாரமலரில் எழுதியிருந்தேன்.
கல்லடிப் பாடசாலை மண்டபம்,
மின்விசிறி இரைச்சலில் பாதி வசனம் கடலுக்குப் போனது,
ஒளியமைப்பு பரவாயில்லை,
தாயாக நடித்தவர் கையை அதிகம் ஆட்டுகிறார்.
எழுதாமல் விட்டது ஒன்றுதான்:
எட்டே முக்காலுக்குக் கல்முனைக்குக் கடைசி பஸ்.

செவ்வாய்க்கிழமை
பரசிட்டமோல் வாங்கப் போன இடத்தில்
கண்ணாடிக்கு அப்பால் அந்தத் தாய்.
சட்டையில் உமையாழ் என்று பெயர்.
மாத்திரையை எண்ணிக்கொண்டே கேட்டாள்,
"கடைசியில நான் ஆரைப் பாத்துக் கதைச்சன் கா?"
பத்து, பதினொன்று, பன்னிரண்டு.
நான் சில்லறை தேடினேன்.

"மூண்டாம் வரிசையில ஒரு கதிரை காலியாயிட்டு.
செருப்புச் சத்தம் வாசல் மட்டும் கேட்டது.
மகன் வரமாட்டான் எண்ட வசனத்த
அந்தக் கதிரையிட்டத்தான் சொன்னன்.
ஒத்திகையில அப்பிடி இல்ல."
கோபமாகச் சொல்லவில்லை.
உறையில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதித் தந்தாள்.

வெள்ளி இரவு மறுபடி மேடையேற்றம்.
இம்முறை காசு கொடுத்து. அதே கதிரை.
தங்கச்சி வீட்டில் படுக்கை சொல்லிவைத்திருந்தேன்.
குறிப்புப் புத்தகம் பைக்குள்.
வெளியே பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

கடைசி வசனம்.
அவள் கண் வரிசை வரிசையாகத் தேடியது,
என்னிடம் வந்தது, நிற்கவில்லை.
எங்கும் ஒரு வெற்றிடம் கிடைக்காமல்
கொஞ்சம் திணறி
தன் கையைப் பார்த்துச் சொன்னாள்,
ஆட்டாமல்.

நன்றாக இருந்தது.
முன்னதைவிடவா?
முன்னதை நான் பார்க்கவில்லையே.