மையக்கருத்து, ஐந்து மதிப்பெண்

திருவல்லிக்கேணியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே,
ஒரு மின்விசிறியும் இரண்டு கணினியும் உள்ள அறையில்
பத்தாம் வகுப்புக்கு நோட்ஸ் எழுதுகிறேன்.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
செய்யுள் என்றால் ஐம்பது.

இன்று துணைப்பாடம். நாலரைப் பக்கச் சிறுகதை.
அம்சவல்லி அரை லிட்டர் பால் வாங்குகிறாள்.
வீட்டுக்கு வந்து பார்த்தால்
மீதிச் சில்லறையில் பத்து ரூபாய் கூடுதல்.
திருப்பிக் கொடுக்க நடக்கிறாள், கடையில் கூட்டம்.
மறுபடி நடக்கிறாள், அவர் சாப்பிடப் போயிருக்கிறார்.
மூன்றாம் முறை ஷட்டர் இறங்கிவிட்டது.
நோட்டை நாலாய் மடித்துக்கொண்டு
படியில் உட்கார்கிறாள்.
அவ்வளவுதான் கதை.

மையக்கருத்தைக் கண்டறிந்து விளக்குக.

"நேர்மைன்னு போடுப்பா" என்றார் தணிகாசலம்,
கதையைப் படிக்காமலே.
"நேர்மை, உழைப்பு, ஒற்றுமை, தாய்ப்பாசம்.
இந்த நாலுல ஒண்ணு இல்லாத துணைப்பாடம்
இருபத்தாறு வருஷத்துல நான் பார்த்ததில்ல.
மேற்கோள் ஒண்ணு சேத்துக்க."

முன்னுரை எழுதினேன். உட்தலைப்புப் போட்டேன்.
அங்கே கை நின்றது.
நாளைக்கும் பால் வாங்கத்தானே போகிறாள்,
அப்போது கொடுத்தால் ஆகாதா?

திரும்பப் படித்தேன்.
அன்று முழுக்க அவள் வாயைத் திறந்தது ஒரு தடவை:
"அரை லிட்டர்."
அவளிடம் யாரோ பேசியதும் ஒரு தடவை:
"மழை வரும்போல, குடை எடுத்துட்டு வரலியா?"

நேர்மை, அவள் வெளியே கிளம்ப
எடுத்து உடுத்திய புடவை மட்டும்தான்.
தனிமை என்று எழுதி
இரண்டு கோடு இழுத்தேன்.
என்மேல் எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது.

டைப் அடிக்கிற ஜெசிந்தா
காசிமேட்டிலிருந்து பஸ் மாறி வருகிறவள்.
எலுமிச்சை சாதத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு
திரையைப் பார்த்தபடி கேட்டாள்:
"ண்ணா, ரெண்டாவது பாரா பாத்தியா?
சில்லறைய ரெண்டு தபா எண்ணித்தான் குடுப்பாருன்னு
போட்டுகிது.
அப்பால எப்டி பத்து ரூபா எச்சா போவும்?"
மென்று விழுங்கினாள்.
"வேணும்னேதான் குடுத்துகிறாரு.
திரும்ப வரட்டும்னு."

பதினோரு முறை படித்திருந்தேன் அந்த வரியை,
தெருப்பெயர் போல, கடையின் நிறம் போல
அதுவும் ஒரு தகவல் என்று.

கீழே பெல்ஸ் ரோட்டில் யாரோ
ஆட்டோவோடு பேரம் பேசி
நடந்தே போய்விட்டார்கள்.

"அப்படின்னா அன்னிக்குன்னு பார்த்து
ஏன் சீக்கிரமே ஷட்டரை இறக்கினார்?"
"பயந்துகினு இருப்பாரு" என்றாள்,
அடுத்த பாடத்தைத் தட்டிக்கொண்டே.

அதற்கு என்ன உட்தலைப்புப் போடுவது?

புத்தகம் டிசம்பரில் வந்தது.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
மையக்கருத்து: நேர்மை.
மேற்கோளோடு, முடிவுரையோடு, ஐந்துக்கு ஐந்து.

அதற்கும் கீழே, கூடுதல் வினாக்களில் ஏழாவதாக,
தணிகாசலம் கண்ணாடி போட்டாலும் படாத பொடி எழுத்தில்,
"கடைக்காரர் எண்ணத் தெரியாதவரா?"
விடை தரவில்லை.
எழுதிக்கொள்ள நாலு புள்ளிக்கோடு போடச் சொல்லியிருந்தேன்
ஜெசிந்தாவிடம்.
ஐந்து இருந்தது.