அறுபது நிமிட டேப்

பிடோக் காப்பிக்கடை, இரவு பதினொன்று.
மறுபடியும் அந்த ஏழாவது ஆல்பம்.

பாடகன் மாறியதுமே பேண்டு செத்துவிட்டது
என்கிறான் ரிட்சுவான்,
தே ஓ பெங்கின் ஐஸைக் கடித்தபடி.
டிரம்ஸ் மிலோ டப்பாவாம்.
கீபோர்டு சேர்த்தது துரோகமாம்.

பூன் தெக் மேசையைத் தட்டுகிறான்:
"அந்த கிட்டாருக்காக வளர்த்த முடி.
கேம்ப்பில் வழித்தபோது அழுதேன், தெரியுமா?"
இப்போது வழிக்க ஒன்றுமில்லை அவனுக்கு.

"நீ சொல்லு, குணாளா."

என்னிடம் இருந்தது
பக்கத்துக் கட்டில்காரன் பதிந்து தந்த டேப்.
பி பக்கம், கடைசிப் பாட்டு,
குரல் உச்சிக்கு ஏறி
அலறலின் பாதியில்
டக்.
டேப் தீர்ந்தது.

ஒன்பது வருடம் அதுதான் முடிவு எனக்கு.
காவல் கோபுரத்தில் அந்த டக்.
அப்பாவை மண்டாயில் எரித்துவிட்டு
பேருந்தில் திரும்பிய மாலையில்
காதுக்குள் அதே டக்.

பிறகு பெனின்சுலாவில்
பதினெட்டு வெள்ளிக்கு சிடி.
அலறல் முடிந்தும் பாட்டு முடியவில்லை.
இரண்டு நிமிடம்
மெல்ல, மெல்ல,
கிட்டார் எல்லாரையும் மன்னித்துக்கொண்டே போகிறது.
யார் கேட்டார்கள்?

"நல்ல ஆல்பம்தான்," என்றேன்.
"கடைசி ரெண்டு நிமிஷம் அதிகம்."

ரிட்சுவான் கிளாஸை வைத்தான்.
பூன் தெக் நாற்காலியை இழுத்துப் போட்டான்.
"அந்த ரெண்டு நிமிஷமா?"

இருபது வருடத்தில் முதல் முறை
இருவரும் ஒரே கட்சி.
பக்கத்து மேசைகளைக் கவிழ்த்து அடுக்குகிறார் கடைக்காரர்.
எனக்கு இன்னொரு காப்பி தேவைப்படும்.