பிரிவு பதினொன்று

கூட்ட நடப்பெண் இருபத்தொன்று.
பத்து மணிக்கு மண்டபத்தில் இருபது பேர்,
தேத்தண்ணி கொண்டுவந்த பையனைச் சேர்க்காமல்.

சேர்த்தால் என்ன என்றான் புவிராஜ்.
சந்தா கட்டலையே என்றான் கனிஸ்டன்.
ஐம்பது ரூபாதானே, நான் தாரேன் என்றது பின்வரிசை.
யாப்பைத் திறந்தேன்:
சந்தா கட்டி முப்பது நாள் ஆகியிருக்க வேண்டும்.
வெறுந்தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
பையன் கீழே மருந்துக்கடைக்கு இறங்கிப் போனான்.

நோர்வூட்டில் மண் சரிந்து பஸ் நிற்கிறதாம்.
பிரிவு ஒன்பது அரைமணி நேரம் பொறுக்கும்,
அப்புறம் எங்களை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவிடும்.
இருபத்தேழாம் நிமிடத்தில்
முழங்கால்வரை சேற்றோடு
படியேறி வந்தாள் சாமிமலை நிலுஷாந்தி.
வரவுப் பதிவில் அவள் கையெழுத்தின்மேல்
பெருவிரல் அளவுக்கு மலை.

செயலறிக்கை:
வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் பதினான்கு,
பதில் இரண்டு.
அதில் ஒன்று வேறு யாருக்கோ வரவேண்டியது.

கணக்கறிக்கை:
போட்டோகொப்பிக்கு மட்டும் ஆறாயிரத்து நானூறு.
கணக்கு டீச்சர் இல்லாத மூன்று பள்ளிக்கூடங்களுக்கு
கடந்தகால வினாத்தாள் என்றான் கனிஸ்டன்.
எல்லோரும் தலையாட்டினோம்.
"ரசீது ஒன்னு குறையுது"
என்றாள் நிலுஷாந்தி,
கால்சேறு காய்வதற்குள்.

அதன்பிறகு ரெஜினோல்ட் எழுந்தான்.
இரண்டு தவணை தலைவன். நல்லவன்.
அதுதான் சிக்கலே.
பணிமனையில் எந்த மேசைக்குள் எந்தக் கோப்பு
தூங்குகிறது என்று அவனுக்குத்தான் தெரியும்.
மூன்றாம் தவணைக்கு யாப்பைத் திருத்தலாம் என்று
அவன் சொல்லவில்லை, அவனுக்காகச் சொன்னார்கள்.
மூன்றில் இரண்டு என்றால் பதினான்கு கை.
உயர்ந்தவை பதின்மூன்று.
எண்ணி எழுதிய பிறகே பார்த்தேன்:
ரெஜினோல்டின் இரண்டு கையும்
சட்டைப்பைக்குள் இருந்தன.
குளிர் என்றும் சொல்லலாம்.

தலைவர் தெரிவு.
புவிராஜை முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள்.
நிலுஷாந்தியையும்.
பிஸ்கட் டின்னில் விழுந்தன இருபது துண்டுகள்.
ஒன்றில் புள்ளடிக்குப் பதிலாக
சிவப்பு மையில் சரி அடையாளம்,
யாரோ ரியூசன் கொடுக்கும் கை.
செல்லும் என்று இருவருமே ஒப்புக்கொண்டார்கள்.

பத்து. பத்து.

இருபத்தோராவது ஆள் நான்.
தேர்தல் அலுவலருக்கு வாக்கில்லை
என்கிறது பிரிவு பதினொன்று.
போன வருசம் ஓர் இரவு முழுக்கச் சண்டைபோட்டு
அதை எழுதவைத்தவளும் நான்.
நாக்கு நுனியில் ஒரு பெயர் இருந்தது.
ஆறிய தேத்தண்ணியோடு விழுங்கினேன்.

சம வாக்கென்றால் சீட்டு.
இழுக்கும் கை உறுப்பினர் கையாக இருக்கக்கூடாது.
கீழே போய் அந்தப் பையனைக் கூட்டிவந்தோம்.
கண்ணை மூடச் சொன்னோம்,
மூடிய கண்ணோடு சிரித்தான்,
ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தான்,
எழுத்துக் கூட்டினான்:
பு... வி...
வெளியே கொழும்பு பஸ்ஸின் ஹோர்ன்.
முழுப்பெயரும் வருவதற்கு
மண்டபம் காத்திருந்தது.

நிலுஷாந்தி முதலில் கைதட்டினாள்.
அப்புறம் ரசீதுக் கட்டைக் கேட்டு வாங்கி
ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

கூட்டக் குறிப்பில்
சீட்டெடுத்தவர் பெயர் எழுதவேண்டும்.
காலையிலிருந்து யாரும் கேட்காத பெயர்.
விதுர்ஷன் என்றான். வயது பதினைந்து.
எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன்.
கப்புகளை எண்ணத் தொடங்கினான்,
ஒன்று, இரண்டு, மூன்று,
மேலே ஒன்று குறையுது அக்கா என்றான்.

அடுத்த கூட்டம்: மாதத்தின் முதல் ஞாயிறு, பத்து மணி.
மழையென்றால் சாமிமலைக்காரர் முந்தின பஸ்ஸில் வரவும்.
நிகழ்ச்சிநிரல்:
காணாமற்போன ரசீது.
பிரிவு மூன்று,
'மாணவர்' என்பதன் வரைவிலக்கணம்.