கூட்டாமல், கழிக்காமல்

நாளை நள்ளிரவோடு தவணை முடிகிறது.
லெஸ்டரில் இன்று மழையுமில்லை, பனியுமில்லை,
சுவருக்குள் கசிகிற ஈரம் மட்டும்.
பெட்டியளவு அறையில் இஸ்திரிப் பலகையை விரித்து
அதன்மேல் மடிகணினியை வைத்திருக்கிறேன்.
(மேசை வாங்கினால் கதவு திறக்காது.)

கணக்காளர் ஜெகசோதிக்கு எல்லாம் எளிது:
மாதம் இருபத்தைந்து மணித்தியாலம் என்றால் பத்துப் பவுண்ஸ்,
ஐம்பதைத் தாண்டினால் பதினெட்டு,
நூறைத் தாண்டினால் இருபத்தாறு.
"வீட்டில இருந்து செய்த நேரத்தை மட்டும் போடுங்கோ அக்கா,
மிச்சத்தைப் படிவம் பாத்துக்கொள்ளும்."

நான் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர்.
ஆஸ்பத்திரி, பொலிஸ், குடிவரவு விசாரணை,
யார் அழைத்தாலும் அவர்களுடைய "நான்" ஆகிவிடுவேன்.
ஒரு திங்கட்கிழமை எனக்கு மூன்று மாதக் கர்ப்பம்.
செவ்வாய், என் முதுகில் எட்டு சிகரெட் காயம்,
அதில் இரண்டு இன்னும் ஆறவில்லை.
அன்று பின்னேரமே என் கார் இன்னொருவன் கதவில் உரசியது.
மன்னிப்புக் கேட்க மறுத்துவிட்டேன்.

கூட்டமாட்டேன், கழிக்கமாட்டேன் என்று
ஒவ்வொரு அழைப்பிலும் முதலில் சத்தியம் செய்கிறவள்
இன்றைக்குக் கழிப்பதற்காகவே குந்தியிருக்கிறேன்.
ஹெட்செட் நாற்பத்திரண்டு பவுண்ஸ், முழுதும் கழிக்கலாம்.
இணையத்தில் அரைவாசி.
தொண்டைக்குப் போட்ட மல்லித் தேத்தண்ணி?
ஜெகசோதி சிரித்தான்.

காப்புறுதிக் கம்பனிக்கு எடுத்தேன்.
எனக்காகவே பேசிப் பழக்கமில்லை;
கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே
யாரோ குறுக்கே வந்து சொல்வார்களென்று காத்திருந்தேன்.
வதனரூபியை எழுத்தெழுத்தாய் வாங்கியபின்
அந்தப் பெண் கேட்டாள்:
வேலை விஷயமாக வீட்டுக்கு யாரும் வந்துபோவார்களா?

அழைப்புமணி பழுதாகி ஒன்பது மாதம்.
வாசலில் சப்பாத்து ஒரு சோடிதான், என்னுடையது.
"இல்லை" என்றேன்.
பதினொரு பவுண்ஸ் நாற்பது பென்ஸ் கூட்டினாள்.
நெருப்புக்கும் களவுக்கும்
மடிகணினி இனிப் பயப்படத் தேவையில்லை.

பிறகு வீட்டுக்காரர் வினுபாய் சௌகானுக்கு ஒரு கடிதம்.
வாடகை ஒப்பந்தம், ஏழாம் பந்தி: வசிப்பதற்கு மட்டும்.
நான் எதையும் விற்கவில்லை,
பெயர்ப்பலகை தொங்கவிடவில்லை,
பேசுகிறேன், அவ்வளவுதான், என்று எழுதினேன்.
பக்கத்து வீட்டுக்குக் கேட்காவிட்டால் சரி என்று பதில் வந்தது.

கேட்காது.
அலறலையும் நான் தாழ்ந்த குரலில்தான் சொல்வேன்.

மிஞ்சியிருப்பது மணிக்கணக்கு.
பத்து மாதங்கள் இடறாமல் பதினெட்டுக்குள் அடங்கின,
பெப்ரவரி காய்ச்சல், பத்துத்தான்.
ஒக்டோபர் மட்டும் இழுக்கிறது:
தொண்ணூற்றெட்டு மணித்தியாலம், பத்து நிமிடம்.
இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தால்
எட்டுப் பவுண்ஸ் கூட.

அந்த முதுகுக்காரனின் அழைப்பு
பதிவேட்டின்படி நாலு பத்துக்கு முடிந்தது.
நான் ஹெட்செட்டைக் கழற்றியது ஏழரைக்கு.
தெருவிளக்கு வந்திருந்தது, அறையில் விளக்குப் போடவில்லை,
ஹீட்டர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.
அடுத்த நாள் குளிக்கும்போது
முதுகைத் தேய்க்காமல் விட்டேன்.

அது வேலையா, வசிப்பா?
ஜெகசோதியிடம் கேட்கலாம்.
பாவம், இரவு பத்தரை, அவனுக்கு இன்னும் முப்பது பேரின் கணக்கு.

பதினெட்டு என்று தட்டினேன்.
படிவம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.
பலகையை மடிக்கும்போது வழக்கம்போலக் கிரீச்சிட்டது.
நாளை காலை ஒன்பதே காலுக்கு ஒரு பல் வைத்தியர்.
வலிப்பது எந்தப் பல் என்று
நான்தான் சொல்லவேண்டும்.