கரையில் மூன்றரை மணி நேரம்

ஜெசிந்தாவின் கப்பல் காலை ஆறு மணிக்குத் துபாயில் கட்டியது.
மூவாயிரம் பேர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாய் இறங்கிப் போன பிறகு
பதினெட்டு அறைக்கு விரிப்பு மாற்றி,
குளியலறைக் கண்ணாடியில் யாரோ விரலால் எழுதிய பெயரைத் துடைத்து,
துண்டை யானையாக மடித்துக் கட்டில்மேல் உட்கார வைத்துவிட்டு
அவளும் இறங்கினாள்.
கப்பலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கரை.
அவளுக்கு அதில் மூன்றரை.

அங்கே பத்தரை என்றாள்.
இங்கே பன்னிரண்டு.
ஏற்காடு ஏரிமேல் இறங்கிய மேகம்
இன்னும் எழுந்து போகவில்லை.
டிக்கெட் கூண்டுக்குள் போனைத்
தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்து வைத்திருந்தேன்.

ஓட்டுநரே இல்லாத ரயிலாம்.
நம் இருபது கொண்டை ஊசியில் விடச் சொல்லு பார்ப்போம் என்றேன்.
சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது,
உதட்டுக்குப் பின்னால்.

ஜன்னலில் அந்த உயரமான கட்டடத்தைக் காட்டினாள்.
திரையில் அடங்கவில்லை.
போனைச் சாய்த்துச் சாய்த்து
கடைசியில் வெறும் வானம்.
"உச்சி தெரிஞ்சுதா?"
"தெரிஞ்சுது."

பிறகு ஒரு மால்.
வெளியே மணல் கொதிக்க, உள்ளே
காசு கொடுத்தால் பனி.
வாடகைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் சறுக்கி விழுந்தன.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றபடி
டிக்கெட் விலையை நம் ரூபாயில் பெருக்கிக்கொண்டு வந்தவள்
பாதியில் விட்டுவிட்டாள்.

"நம்ம பனியைக் காட்டு."

போனை ஏரிப் பக்கம் திருப்பினேன்.
திரை முழுக்க வெள்ளை.
"நெட் போயிருச்சா?"
"இல்ல. அதான்."
அவள் பேசவில்லை.
நானும் கையை அசைக்காமல் நின்றேன்.
எங்கோ உள்ளே பெடல்கள் தண்ணீரைத் தட்டுகிற சத்தம் மட்டும்.
"படகெல்லாம்?"
"உள்ளதான் இருக்கு. வந்துரும்."

அப்புறம் பையிலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்தாள்.
பாலைவனத்தில் போய் ஸ்வெட்டர் வாங்கிய ஒரே ஆள் நீதான் என்றேன்.
நீலம். நெஞ்சில் ஒரு ஒட்டகம்.
ஆரோனுக்கு.
"அளவு சரியா இருக்குமா, சொல்லு."
கழுத்துப் பட்டியில் எட்டு வயது என்று இருந்தது.
அவனுக்குப் போன மாதம்தான் ஆறு முடிந்தது.
மார்ச்சில் வருகிறேன் என்று போனவள்.
காலண்டரில் மார்ச்சை நான்
இன்னும் தாண்டிப் பார்த்ததில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.
நான் ஒட்டகத்தைப் பார்த்தேன்.
"சரியாத்தான் இருக்கும்" என்றேன்.
"நீ வர்றப்ப சரியா இருக்கும்."
மூக்கை உறிஞ்சிவிட்டு, ஏசி அதிகம் என்றாள்.

அதற்குள் வெள்ளையன் மணியைக் காட்டினான்.
மைக்கை எடுத்தேன்.
ஒன்பதாம் நம்பர் படகு,
உங்கள் நேரம் முடிந்தது, கரைக்கு வரவும்.
ஒன்பதாம் நம்பர்.

"எனக்கும்தான்" என்றாள் ஜெசிந்தா.
ரயிலைப் பிடிக்க ஓடும்போது அணைக்க மறந்துவிட்டாள் போல.
சட்டைப் பைக்குள் கொஞ்ச நேரம்
அவள் செருப்புச் சத்தம், யாரோ அரபியில் ஏதோ சொல்வது,
பிறகு கதவு மூடும் ஒலி.

ஒன்பதில் போனவர்கள் பவானிக்காரர்கள்,
கல்யாணமாகி எட்டு நாள் என்று டிக்கெட் வாங்கும்போதே சொல்லியிருந்தார்கள்.
வெள்ளைக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல்:
"அண்ணே, கரை எந்தப் பக்கம்?"
எந்தப் பக்கம் என்று எப்படிச் சொல்வது?
இந்தப் பக்கம் என்றால் அவனுக்கு எது?

விசிலை ஊதினேன்.
நிறுத்தி, மறுபடி ஊதினேன்.
சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வரட்டும்.
மூச்சு வாங்கியது. வெள்ளையன் கொஞ்சம் ஊதினான்.

முதலில் அந்தப் பெண்ணின் சிவப்புத் துப்பட்டா.
அப்புறம்தான் படகு.
இருபது நிமிடம் கூடுதல்.
"எவ்வளவுண்ணே?" என்று பர்ஸைத் திறந்தான்.
வெள்ளையன் என்னைப் பார்த்தான்.

நேரத்துக்குள் வந்ததாகவே
நோட்டில் எழுதினேன்.